கிரானைட் மேடைக்கு அடியில் ஆடும் சிங்க்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு சானிட்டரி, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கிரானைட் கல்லுக்கு அடியில் பொருத்திய சமையலறை சிங்க் ஆடுகிறது, இறங்கிவிட்டது, ஓரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ராயபுரத்திலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேர் சிங்க் கீழே விழுந்த பிறகுதான் வருகிறார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு ட்யூப் சிலிக்கான் பசையும் இரண்டு கட்டையும் போதுமே என்று ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கல்லாவில் நின்று சொல்கிற பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே தந்திருக்கிறேன்.

அண்ணே, கைய வச்சு அழுத்துனா சிங்க் லேசா ஆடுது. இப்பவே பாக்கணுமா, பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாமா?

இப்போதே பாருங்கள். 24க்கு 18 அங்குல சிங்க், 9 அங்குல ஆழம் என்றால், உள்ளளவு 22க்கு 16 வரும். அதை முழுசாக நிரப்பினால் கிட்டத்தட்ட 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 50 கிலோ. மூன்று குடம் தண்ணீரை ஒரு மெல்லிய பசைக்கோட்டில் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் விட்டுப்போனால் மற்ற மூன்று பக்கமும் கூடுதல் எடையைத் தாங்க வேண்டியிருக்கும். அவையும் ஒவ்வொன்றாக விடும்.

இன்றைக்கு ராத்திரிக்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான். சிங்க்குக்கு நேர் கீழே செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பலகைக்கும் சிங்க் அடிக்கும் நடுவில் பழைய துணியை மடித்துச் செருகிவிடுங்கள். சிங்க்கைத் தூக்க வேண்டாம், இருக்கிற இடத்தில் தாங்கினால் போதும். குடம், குக்கர் எதையும் உள்ளே வைத்து நிரப்பாதீர்கள். மெதுவாக யோசித்து வேலை செய்ய இது நாலைந்து நாள் அவகாசம் தரும்.

கல்லுக்கு அடியில சிங்க் எதுல நிக்குது? ஸ்க்ரூ எதுவும் கண்ணுல படலையே?

சிங்க்கின் வாயைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் போலத் தகடு மடிந்திருக்கும். அந்த விளிம்பின் மேல்பக்கத்தைக் கிரானைட்டின் அடிப்பக்கத்தோடு ஒட்டிவைப்பதுதான் இந்த முறை. மேடைமேல் விளிம்பு தெரியாது, சிந்திய தண்ணீரை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம் என்பதற்காகத்தான் எல்லோரும் இதைக் கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒழுங்காகச் செய்த வேலையில் இரண்டு விஷயம் இருக்கும். தண்ணீர் இறங்காமல் அடைக்க ஒரு பசை, எடையைத் தாங்க ஒரு தாங்கு. கிளிப், குறுக்குச் சட்டம், சுவரில் பதித்த ஆங்கிள் என்று தாங்கு எதுவாகவும் இருக்கலாம். நான் பார்த்த பெரும்பாலான வீடுகளில் முதல் விஷயம் மட்டும்தான் இருக்கிறது. அடைக்க வேண்டிய பசையைத் தாங்கவும் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான்: பசை அடைக்கட்டும், தாங்கு தாங்கட்டும்.

மூணு வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு. திடீர்னு ஏன் கழண்டுகிச்சு?

திடீரென்று எதுவும் கழலாது. முதல் காரணம், போட்ட அன்றைக்கே இருந்த அழுக்கு. கிரானைட்டை அறுக்கும்போது எழுகிற மாவுத் தூள் கல்லின் அடியில் அப்படியே படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் சிலிக்கான் வைத்தால் அது தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. கல்லின் மேல்பக்கம்தான் பாலிஷ். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். அறுத்த அன்றே ஈரத்தோடு ஒட்டினால் கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது சூடு. நம் வீடுகளில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிப்பது சிங்க்கில்தான். எவர்சில்வர் சூட்டில் விரிகிற அளவு கிரானைட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 60 சென்டிமீட்டர் நீளத் தகடு 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் அரை மில்லிமீட்டர் நீளும். அரை மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும். ஆனால் தினமும் மதியம் ஒருமுறை விரிந்து சுருங்குகிறது, வருடத்துக்கு 365 தடவை. வளைந்து கொடுக்காத பசை என்றால் அதற்குள் நூல் பிரிவதுபோல் பிரிந்துவிடும்.

மூன்றாவது நம் பழக்கம். லாரித் தண்ணீர் வந்த நாளில் சிங்க்கையே தொட்டியாக நிரப்பி வைப்பது, காசிமேட்டிலிருந்து வாங்கிவந்த பெரிய மீனைச் சிங்க்கின் ஓரத்தில் வைத்து அழுத்தி வெட்டுவது, தேங்காயை விளிம்பில் தட்டி உடைப்பது. இவற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சமையலறை என்றால் இதெல்லாம் நடக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சிங்க்கைப் பொருத்த வேண்டும்.

கீழ தண்ணி சொட்டுது. விளிம்புலேருந்தா, வேஸ்ட் பைப்லேருந்தா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

கீழே இருக்கிற எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, தரையில் நியூஸ் பேப்பர் விரியுங்கள். முதலில் சிங்க்குக்குள் ஊற்றாமல், கல்லும் சிங்க்கும் சேருகிற கோட்டில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சுற்றி ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். பேப்பர் நனைந்தால் விளிம்பு. நனையவில்லை என்றால் அடைப்பானைப் போட்டுக் கால் சிங்க் தண்ணீர் பிடித்து விட்டுவையுங்கள். இப்போது சொட்டினால், சிங்க்கின் அடி ஓட்டையில் மாட்டுகிற வேஸ்ட் கப்ளிங்கின் வாஷர். அதிலும் சொட்டவில்லை, தண்ணீரைத் திறந்துவிடும்போதுதான் சொட்டுகிறது என்றால் அதற்குக் கீழே நாற்றம் வராமல் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பாட்டில் டிராப்போ பைப் இணைப்போ. ஆடுகிற சிங்க்கில் இந்தச் சோதனைக்குக் கூட முழுசாக நிரப்ப வேண்டாம்.

விளிம்பு, கப்ளிங் இரண்டும் சேர்ந்தே ஒழுகுவதும் உண்டு. சிங்க் இறங்கும்போது கீழே விறைப்பாகப் போட்ட பி.வி.சி. பைப்பை அழுத்துகிறது, பைப் கப்ளிங்கை நெட்டுகிறது. அப்படி இருந்தால் கப்ளிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எம்-சீல் வச்சு சுத்தி அடைச்சுடலாமா? இல்ல ஃபெவிகுயிக்?

எம்-சீல் நல்ல சாமான்தான், பைப் ஓட்டைக்கு நானே கொடுக்கிறேன். ஆனால் காய்ந்தால் கல்லாகிவிடும். மேலே சொன்ன அரை மில்லிமீட்டர் விரிவுக்கு அது வளையாது, எவர்சில்வரிலிருந்து பத்தையாகப் பெயரும். பெயர்ந்த இடுக்கில் தண்ணீர் தேங்கிக் கரப்பான் குடியேறும். ஃபெவிகுயிக் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அது மெல்லிய, நெருக்கமான ஒட்டுக்கு உரியது. கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற மேடுபள்ளத்தை நிரப்பாது, தண்ணீரிலும் சூட்டிலும் பிடி விடும்.

கொத்தனாரு வெள்ளை சிமெண்ட் போட்டா கல்லோட கல்லா ஆயிடும்ங்கறாரே?

கல்லோடு பிடிக்கும். எவர்சில்வரோடு பிடிக்காது, அதுதான் சிக்கல். வழவழப்பான தகட்டில் சிமெண்ட் ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை. காயும்போது சுருங்கவும் செய்யும். ஒரே மாதத்தில் மயிரிழை மாதிரி கோடு விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். டைல்ஸ் இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட், சிங்க் விளிம்புக்கு சிலிக்கான். கொத்தனார்களிடம் நான் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

சிலிக்கான்ல எது வாங்கணும்? விலை ஏன் இவ்ளோ வித்தியாசம்?

இரண்டு வகை. ஒன்று, பிரித்ததும் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை அது. கண்ணாடி வேலைக்குச் சரி. உலோகத்துக்கும், கடப்பாக்கல் மாதிரி சுண்ணாம்புக் கல்லுக்கும் ஆகாது. இன்னொன்று நியூட்ரல் என்று ட்யூபிலேயே போட்டிருக்கும், வினிகர் வாடை வராது. சிங்க்குக்கு அதைத்தான் வாங்க வேண்டும். அதிலும் பூஞ்சை பிடிக்காத சானிட்டரி ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஓரம் கறுத்துப்போகாது.

அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 24க்கு 18 சிங்க்கின் சுற்றளவு 7 அடி. 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சுற்று இழுத்தால் 60 மில்லிக்குமேல் ஆகாது. பசை பிதுக்குகிற கன்னில் போடுகிற 280 மில்லி ட்யூப் ஒன்று தாராளம். இரண்டு ட்யூப் கேட்பவர்களுக்கும் ஒன்றுதான் கொடுக்கிறேன். திறந்த ட்யூப் மிச்சமிருந்தால் மூக்கிலேயே காய்ந்து வீணாகிவிடும். வாங்குமுன் காலாவதித் தேதி பாருங்கள். பழைய ட்யூப் எத்தனை நாளானாலும் பிசுபிசு என்றே இருக்கும்.

பழசு மேலயே புதுசா ஒரு கோடு இழுத்துட்டா போதாதா?

போதாது. காய்ந்த சிலிக்கான்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கானும் சரியாகப் பிடிக்காது. எங்கள் வீட்டுச் சிங்க் முதல் தடவை ஆடியபோது நானும் இதைத்தான் செய்தேன். கடையில் வேலை, நேரமில்லை, மேலாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டேன். ஐந்தாவது வாரம் விடியற்காலையில், தண்ணீர் பிடித்து வைத்திருந்த சிங்க் பின்பக்கம் இறங்கி, பாட்டில் டிராப் உடைந்து, அடியில் வைத்திருந்த அரிசி டிரம் முழுக்க நனைந்துபோனது. அம்மா அந்த நேரம் அடியில் குனிந்து எதையும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அன்றையிலிருந்து யார் இந்தக் கேள்வி கேட்டாலும், நின்று முழுப் பதில் சொல்லாமல் அனுப்புவதில்லை.

சரி, நானே செய்யறேன். இறக்குறதும் சுத்தம் பண்றதும் எப்படி?

அடியில் கேஸ் சிலிண்டர் இருந்தால் அதை மூடிக் கழற்றி வெளியே வையுங்கள். தின்னரும் ஸ்பிரிட்டும் புழங்கப்போகிறோம், அடுப்பும் எரியக்கூடாது. சிங்க்கைத் தாங்கி முதல் பதிலில் சொன்ன அடுக்கு இருக்கட்டும். பாட்டில் டிராப்பையும் வேஸ்ட் கப்ளிங்கையும் கழற்றுங்கள். மெல்லிய பிளேடு ஒன்றைக் கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவில் விட்டு, சுற்றி அறுத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அறுக்க, ஒருவர் அடியில் பிடிக்க. விளிம்பின் மறைவுப் பக்கம் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். அடுக்கில் ஒவ்வொரு செங்கலாக எடுத்துக் கீழே இறக்குங்கள்.

சுத்தம் பண்ணுவதில்தான் முக்கால்வாசி வேலை. அவசரப்பட்டால் எல்லாம் வீண். பட்டி பிளேடால் கல்லின் அடியையும் சிங்க்கின் விளிம்பையும் சுரண்டுங்கள். பழைய சிலிக்கான் ஒரு நூல் அளவு கூட இருக்கக்கூடாது. அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டு இரண்டையும் தேயுங்கள். வழவழப்பான தகட்டில் கீறல் விழுந்தால்தான் பசைக்குப் பிடி கிடைக்கும். வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு, துணியில் கறை வருவது நிற்கும்வரைக்கும் துடையுங்கள். கல்லின் அடியில் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். கண்ணுக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் கல்லுக்குள் ஈரம் இருக்கும்.

சுத்தமாயிடுச்சு. இப்போ ஏத்தி நிறுத்துறது எப்படி?

முதலில் பசை இல்லாமல் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நாலு பக்கமும் சமமாக உட்காருகிறதா, குழாய்ப் பக்கம் இடிக்கிறதா என்று பார்த்து, கல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிளிப் ஒட்டுவதாக இருந்தால் அதை முதலில் அரால்டைட் (இரண்டு ட்யூபைக் கலந்து போடுகிற எபாக்ஸி பசை) போட்டு ஒட்டி, ஒரு நாள் காயவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் பிடிக்கிற ரகம் வேண்டாம், ஒரு நாள் எடுத்துக்கொள்கிற சாதா ரகமே உறுதி. சிலிக்கான் பட்ட இடத்தில் அரால்டைட் பிடிக்காது, அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மேடைமேல் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, விளிம்பின் நடுவில் 6 மில்லிமீட்டர் தடிமனில் எங்கும் அறுபடாமல் ஒரே சுற்றாகச் சிலிக்கான் இழுங்கள். பத்து நிமிடத்தில் ஆடை படியத் தொடங்கும், அதற்குள் ஏற்ற வேண்டும். என் வழி இது: மேடைமேல், சிங்க் வாயின் குறுக்கே, துணி சுற்றிய ஒரு ரீப்பர் கட்டை (மெல்லிய நீள மரச்சட்டம்). வேஸ்ட் ஓட்டை வழியாக இரட்டையாக விட்ட நைலான் கயிறு. சிங்க்கின் அடியில் அந்தக் கயிற்றில் கோத்த இன்னொரு கட்டை. மேலே கயிற்றுக்கு நடுவில் ஒரு கம்பியைச் செருகி முறுக்கினால் சிங்க் மெல்ல மேலே வந்து கல்லோடு சேரும். நாலு பக்கமும் சிலிக்கான் லேசாகப் பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் முறுக்கினால் பசை முழுக்க வெளியே போய்விடும். வேஸ்ட் ஓட்டை பின்பக்கமாக இருந்தால் முன்பக்கம் இறங்கப் பார்க்கும், அங்கே அடியிலிருந்து ஒரு முட்டு கொடுங்கள்.

கார் ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று கேட்பார்கள். தூக்கலாம், ஆனால் ஜாக்கியின் பலம் கைக்குத் தெரியாது. சிங்க்குக்கு முன்னால் இருக்கிற கல் இரண்டு மூன்று அங்குலப் பட்டைதான். ஒரு சுற்று அதிகமானால் அது படக்கென்று விட்டுவிடும். பிதுங்கிய சிலிக்கானைச் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்து, டேப்பை ஈரத்தோடேயே உரித்துவிடுங்கள்.

தாங்கு தாங்குன்னு சொல்றீங்களே, அதை எதுல, எப்படிக் குடுக்கறது?

உங்கள் மேடை எதன்மேல் நிற்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் செங்கல் சுவர் என்றால் வேலை சுலபம். சுவருக்குச் சுவர் நீளமுள்ள 1 அங்குல எவர்சில்வர் சதுரப் பைப் இரண்டு வாங்குங்கள். ஒன்று சிங்க்கின் முன்விளிம்புக்கு அடியில், ஒன்று பின்விளிம்புக்கு அடியில் படுக்கவையுங்கள். பைப்பின் முனைகளைச் சுவரில் ஸ்க்ரூ அடித்த எல் ஆங்கிள் தாங்கட்டும். பைப்புக்கும் விளிம்புக்கும் இடையில் ரப்பர் துண்டு வைத்து, மரச் சக்கை செருகி இறுக்கினால் 50 கிலோவும் சுவருக்குப் போய்விடும். பசைக்கு அடைக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும்.

பழைய வீடுகளிலும் குடியிருப்புகளிலும் மேடையைக் கடப்பாக்கல் பலகையை நிறுத்தி அதன்மேல்தான் உட்காரவைத்திருப்பார்கள். அந்தப் பலகையில் ஓட்டை போட்டால் தகடு தகடாகப் பெயரும். அங்கே தரையிலிருந்து கால் வைத்த ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். நாலு கால், மேலே இரண்டு குறுக்குப் பைப், காலின் அடியில் உயரம் சரிபார்க்க போல்ட். அளவு கொடுத்தால் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை நாள் வேலை. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், வெறும் இரும்பில் செய்தால் உப்புக்காற்றில் அரித்துவிடும். எவர்சில்வர் முடியாவிட்டால் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு அடித்து அதன்மேல் பெயிண்டும் அடிக்கச் சொல்லுங்கள். பிளைவுட் கேபினட்டின் பக்கவாட்டில் ஆங்கிள் அடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஈரத்தில் ஊறினால் ஸ்க்ரூ வெறுமனே வெளியே வந்துவிடும்.

கிரானைட்டுலயே அடியில ஓட்டை போட்டு ஆங்கர் போல்ட் அடிச்சா உறுதிதானே?

கல் 16லிருந்து 20 மில்லிமீட்டர்தான் கனம். ஆங்கர் போல்ட் விரிந்து பிடிக்கிற சாமான். சிங்க் வாய்க்குப் பக்கத்தில், கல் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கிற இடத்தில், உள்ளேயிருந்து விரித்தால் கல்தான் பிளக்கும். சுத்தியல் மாதிரி அதிருகிற டிரில் மெஷினை அங்கே கொண்டுபோகவே கூடாது. கிரானைட் வேலை தெரிந்தவர், டைமண்ட் பிட் போட்டுத் தண்ணீர் ஊற்றி 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஓட்டை போட்டு, அரால்டைட் ஊற்றி ஸ்டட் (மரை போட்ட கம்பி) நிறுத்துவது வேறு விஷயம். அது அவர் கை. நீங்கள் செய்ய வேண்டாம்.

எத்தனை நாள் சிங்க்க தொடக்கூடாது? வீட்டுல ஆறு பேரு இருக்கோம்.

மூன்று நாள். ட்யூபில் 24 மணி நேரம் என்று எழுதியிருக்கும். அது காற்றுப் படுகிற இடத்துக்கு. சிலிக்கான் காற்றில் இருக்கிற ஈரத்தை எடுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து உள்ளே காய்கிறது, நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பசைக்குக் காற்று எட்டுவது மெதுவாகத்தான். கட்டையையும் கயிற்றையும் இரண்டு நாளாவது அவிழ்க்காதீர்கள். மூன்றாம் நாள் வேஸ்ட் கப்ளிங்கை மாட்டி, அரைச் சிங்க் தண்ணீர் பிடித்து, பேப்பர் விரித்து ஒரு மணி நேரம் பாருங்கள்.

அந்த மூன்று நாளும் பின்கட்டிலோ குளியலறையிலோ பாத்திரம் துலக்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் ராத்திரி யாராவது மறந்துபோய்ச் சாம்பார்ப் பாத்திரத்தைப் போட்டுக் கெட்டுப்போன வேலைகள் எனக்குத் தெரியும்.

சிங்க்க இறக்காமலே சரி பண்ண முடியாதா?

ஒரே பக்கம் மட்டும், 2, 3 மில்லிமீட்டர் அளவுக்கு விட்டிருந்தால் முடியும். அடியிலிருந்து இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொடுத்து, ஆக்சா பிளேடில் உப்புத்தாளைச் சுற்றி இடுக்கில் விட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவைத்து, சிலிக்கானை ஆழமாகச் செலுத்தி, மேலே சொன்ன மாதிரி இறுக்க வேண்டும். தாங்கு கட்டாயம். இரண்டு பக்கத்துக்குமேல் விட்டிருந்தால் இறக்குவதுதான் முறை.

மழைக்காலத்துல செய்யலாமா?

சிலிக்கானுக்கு ஈரக்காற்று பிரச்சினை இல்லை, மேலே சொன்னபடி அதை வைத்துத்தான் அது காய்கிறது. கல்லின் அடியும் தகடும்தான் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி ஃபேன் போதாது, இரண்டு நாள் வையுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற வீடுகளில், கேபினட் பிளைவுட் ஊறி உப்பி, அதில் அடித்திருந்த தாங்குக் கட்டைகள் பிடிப்பு விட்டுப்போயின. சிங்க் அப்போது அசையவில்லை, பல மாதம் கழித்துத்தான் ஆடத் தொடங்கியது. உங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்தால் சிங்க் ஆடாவிட்டாலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாடகை வீடு. ஓனர் ரிப்பேர் பண்ண மாட்டேங்கறாரு. நான் என்ன செய்யறது?

முதல் பதிலில் சொன்ன அடுக்கையே கொஞ்சம் நேர்த்தியாகச் செய்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கால் வைத்த சட்டம் போடுங்கள். இரண்டுக்கும் சுவரிலோ கல்லிலோ ஓட்டை தேவையில்லை, காலி பண்ணும்போது எடுத்துக்கொண்டு போகலாம். சிங்க் இறங்கியிருப்பதைப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பிவையுங்கள். நாளைக்கு கல் விட்டுப்போனால் யார் செலவு என்ற பேச்சு வரும்.

சிங்க்குக்கு முன்னாடி கல்லுலயே விரிசல் தெரியுது. அதுக்கும் சிலிக்கான்தானா?

இல்லை. சிங்க் வேலையை அப்படியே நிறுத்துங்கள். விரிசல் விட்ட பட்டையின்மேல் கயிறு, ஜாக்கி, கிளிப் எதுவும் வைக்கக்கூடாது. கிரானைட் வேலை செய்பவர் அடிப்பக்கம் நீளமாகப் பள்ளம் (காடி) எடுத்து, கம்பி பதித்து, எபாக்ஸி ஊற்றிக் கல்லை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். அதன் பிறகுதான் சிங்க். இந்த மாதிரி மேடையில் சிங்க் எடை கல்லுக்குப் போகவே கூடாது, முழுக்கத் தரைக்குப் போகிற கால் சட்டம்தான் வழி.

கழட்டிப் பாத்தா விளிம்புல துரு. எவர்சில்வர்ல துரு வருமா? ஏமாத்திட்டாங்களா?

வரும். உப்பும் குளோரினும் எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பாத்ரூம் ஆசிட் ஊற்றி சிங்க் கழுவுகிற வீடுகளில் இது சீக்கிரம் வரும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சிங்க்கில் ஊற்றவே ஊற்றாதீர்கள். காந்தம் வைத்துப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள், அதை நம்ப முடியாது. 304 தகடும் அதைவிடத் தரம் குறைந்த 202 தகடும் இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. மேலாகத் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டலாம். நகம் இறங்குகிற அளவு குழி என்றால் சிங்க்கை மாற்றுங்கள், அதற்குமேல் செலவு செய்வது வீண்.

ரெண்டு தொட்டி சிங்க். அதுக்கும் இதே மாதிரிதானா?

முறை இதேதான், தாங்கு மட்டும் கூட வேண்டும். இரண்டு தொட்டியும் நிறைந்தால் எடை கூடும், நீளம் அதிகமானதால் நடுவில் தொய்யும். முன்னும் பின்னும் போட்ட பைப்போடு, இரண்டு தொட்டிக்கும் நடு இடைவெளியில் குறுக்காக ஒரு பைப் சேருங்கள். கயிறு இரண்டு வேஸ்ட் ஓட்டை வழியாகவும் போகட்டும், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

புதுசா மேடை போடப் போறோம். கொத்தனாருகிட்ட முன்னாடியே என்ன சொல்லி வைக்கணும்?

சிங்க்கைக் கையில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கல்லை அறுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து அறுத்தால் அளவு தப்பும், அந்த இடைவெளியை மறைக்கத்தான் வெள்ளை சிமெண்ட் வரும். சிங்க்குக்கு முன்பக்கம் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் கல் இருக்கட்டும். சிங்க்குக்குக் கீழே வருகிற அறையின் இரண்டு பக்கமும் செங்கல் சுவர் கேளுங்கள், பூசுவதற்கு முன்பே எல் ஆங்கிளுக்கான இடத்தைக் குறித்துவிடுங்கள். வேஸ்ட் பைப் கடைசி ஒரு அடிக்கு வளைகிற பைப்பாக இருந்தால் சிங்க்கை நெட்டாது.

ஒட்டுகிற நாளன்று நீங்கள் வீட்டில் இருங்கள். கல்லின் அடியை நீங்களே விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டினால் இன்னொரு தடவை துடைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் சிலிக்கானைக் கையில் கொடுங்கள்.